ஆவியோடு போகும் அனல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜனவரி இரவு பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே இருக்கும்போது, ஒரு பசுமைக்குடிலுக்குள் தொட்டி தொட்டியாகக் கடல்நீர் 26 டிகிரி செல்சியஸில் சுழன்றுகொண்டிருக்கும். அதில் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பிறந்த பவள இனங்கள் கிளைவிட்டு வளரும். டெட்ராய்ட் அருகே ரோமுலஸ் என்ற ஊரில் ‘ட்ராபிகோரியம்’ என்ற பண்ணை 1990-களிலேயே இதைச் செய்துகாட்டியது. பென்சில்வேனியாவில் பசுமைக்குடிலில் பவளம் வளர்த்த ஆந்தனி கால்ஃபோ, பவளத்தைப் பெருக்கும் முறைகளைப் பற்றி 2001-ல் ஒரு தனிநூலே எழுதினார்.

பனி கொட்டும் நாட்டில் வெப்பமண்டலக் கடலை எப்படிச் சூடாக வைப்பது? பெரிய ஹீட்டர் வாங்கினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஹீட்டரின் அளவு கடைசியில் தானாக வந்து விழும் ஒரு விடைதான். சூடு எந்த வழியாகப் போகிறது, எதன் முதுகில் ஏறிப் போகிறது என்பதே முதலில் தெரியவேண்டியது.

இலவச ஒளியின் விலை

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் உணவில்தான் பாறை கட்டும் பவளங்களின் பிழைப்பு பெரும்பாலும் ஓடுகிறது. ஒளி குறைந்தால் வளர்ச்சி குறையும், நிறம் மங்கும். நான்கு சுவருக்குள் வளர்ப்பவர் அவ்வளவு ஒளியையும் மின்சாரம் கொடுத்து வாங்கவேண்டும். பசுமைக்குடில்காரருக்குச் சூரியன் சும்மா தருகிறது.

சும்மா கிடைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஒளியை உள்ளே விடும் கண்ணாடியும் பாலித்தீனும் சூட்டை வெளியே விடுவதிலும் தாராளமானவை. மிச்சிகனின் தென்பகுதி 42-ஆம் அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் இறுதியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 24 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பகல் சுமார் ஒன்பது மணி நேரம். ஒளி மிகக் குறைவாகக் கிடைக்கும் அதே வாரங்களில்தான் சூடு மிக அதிகமாகக் கசியும். அதனால் குளிர்காலத்தில் அங்கும் விளக்குகளைக் கூட்டவேண்டியிருக்கிறது. விளக்குக்கும் பம்புக்கும் செலவாகும் மின்சாரம் முழுவதும் முடிவில் சூடாகவே மாறுகிறது என்பதால், அந்த மாதங்களில் அது வீண்போவதில்லை.

சூடு போகும் வழிகள்

கணக்குக்காக ஒரு குடிலை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 6 மீட்டர். கூரையும் சுவர்களும் சேர்ந்து சுமார் 160 சதுர மீட்டர். உள்ளே 12,000 லிட்டர் கடல்நீர், ஆழம் குறைந்த தொட்டிகளில்; திறந்த நீர்ப்பரப்பு 25 சதுர மீட்டர். உள்காற்று 22 டிகிரி, வெளியே மைனஸ் 10.

முதல் வழி கூரையும் சுவரும். ஒற்றைப் பாலித்தீன் தாள், உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபட்டால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6.8 வாட் சூட்டைக் கடத்தும். 32 டிகிரி வேறுபாட்டில் நம் குடில் இழப்பது 35 கிலோவாட். வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் 2 கிலோவாட் கீசர்கள் பதினேழை இரவு முழுக்க அணைக்காமல் ஓட்டுவதற்குச் சமம் இது. இரவு முடிவதற்குள் ஏறக்குறைய 490 யூனிட் போய்விடும்.

இந்த இழப்பைக் குறைக்கும் வழியை நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் 1964-ல் கண்டார். இரண்டு தாள்களைப் போர்த்தி, நடுவில் ஒரு சிறிய ஊதியால் காற்றை ஊதி உப்பவைத்தார். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இரட்டைத் தாளில், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, இழப்பு சதுர மீட்டருக்கு 4 வாட் அளவுக்கு இறங்கும். நம் குடிலில் 35 கிலோவாட் 20 ஆகும். இன்றைக்கு உலகெங்கும் பண்ணைகளில் காணும் உப்பிய கூரைகள் இந்த யோசனையின் வாரிசுகளே.

இரண்டாவது வழி இடுக்குகள். பசுமைக்குடில் ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டால், கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களை மறிப்பதால் என்ற பதிலே பள்ளிக்கூடத்திலிருந்து நம் நினைவில் இருக்கும். 1909-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இதைச் சோதித்தார். இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதை அகச்சிவப்பைத் தாராளமாக விடும் பாறையுப்புப் பலகையாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடாயின. சூடான காற்று மேலே எழுந்து தப்பிவிடாமல் அடைத்துவைப்பதே குடிலின் முதன்மையான வேலை என்பது இதிலிருந்து தெரிந்தது. அப்படியென்றால், கதவிடுக்கிலும் கிழிந்த தாளிலும் காற்று ஓடும் குடில், குடிலாக இருப்பதையே பாதி விட்டுவிட்டது என்று பொருள்.

நம் குடிலின் காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது என்று கொள்வோம். வெளியிலிருந்து வரும் காற்றைச் சூடாக்க 2 கிலோவாட் போதும். ஆனால் உண்மையான இழப்பு 4 கிலோவாட். மீதி 2 எங்கே போயிற்று? அதுதான் மூன்றாவது வழி. பவளத் தொட்டிகள் உள்ள குடிலைத் தக்காளிக் குடிலிலிருந்து பிரித்துக்காட்டுவதும் அதுதான்.

ஈரம் என்னும் சுமைகூலி

ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.68 யூனிட் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தொட்டி நீரிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. பவளத் தொட்டியில் நீர் சும்மா நிற்பதில்லை. அலையும் ஓட்டமும் வேண்டுமென்றே உண்டாக்கப்படுகின்றன. மேற்பரப்பு கலங்கக் கலங்க ஆவியாதல் கூடும். சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 4 லிட்டர் என்று அடக்கமாக வைத்தாலும் நம் குடிலில் 100 லிட்டர் ஆவியாகும். நாளுக்கு 68 யூனிட் சூடு இப்படி நீரைவிட்டு எழுந்துபோகிறது.

எழுந்த ஆவி குளிர்ந்த கூரைத்தாளில் மோதி நீர்த்துளியாகிறது. ஆவியானபோது தொட்டியிலிருந்து வாங்கிய சூட்டை அந்த இடத்தில் இறக்கிவைக்கிறது. தாள் அதை வெளிக்குளிரிடம் ஒப்படைக்கிறது. துளி சொட்டி விழுகிறது, தொட்டியிலிருந்து மீண்டும் ஆவி எழுகிறது. இரவு முழுவதும் ஆவி தொட்டியிலிருந்து கூரைக்குச் சூட்டைச் சுமந்துபோய்க் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இடுக்கு வழியே தப்பும் ஈரக்காற்றிலும் இதே கதைதான்: மேலே சொன்ன 4 கிலோவாட்டில் பாதி, அந்தக் காற்றிலுள்ள நீராவியின் மறைவெப்பம்.

பவளம் வளர்ப்பவரின் குடிலில் 25 சதுர மீட்டர் வெதுவெதுப்பான நீர் இரவும் பகலும் மூச்சுவிடுகிறது. அங்கே வெப்பமானியோடு காற்றின் ஈரத்தை அளக்கும் மானியும் தொங்கவேண்டும்.

காற்றைச் சூடாக்குவதா, நீரையா?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. குளிர்ந்த காற்றால் பவளத்துக்கு ஒன்றுமில்லை. நீர் சரியாக இருந்தால் போதும். அப்படியானால் நீரை மட்டும் சூடாக்கிவிட்டுக் காற்றை 16 டிகிரியில் விட்டுவிடலாமே? கூரை வழியான இழப்பு உடனே குறையும்: இரட்டைத்தாள் குடிலில் 20 கிலோவாட் 16.6 ஆகும். ஆனால் 26 டிகிரி நீருக்கு மேல் 16 டிகிரிக் காற்று நின்றால், 24 டிகிரிக் காற்றின் கீழ் ஆவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு நீர் ஆவியாகும், இரண்டிலும் ஈரப்பதம் 80 விழுக்காடு என்று கொண்டால். தொட்டி வேகமாகச் சூட்டை இழக்கும், உப்புச் செறிவு ஏறும், ஈடுகட்ட நன்னீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

காற்றையும் சூடாக்கினால் ஆவியாதல் அடங்கும். ஆனால் கூரைக்குக் கப்பம் கூடும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் பொருள் மிக மலிவானது: ஒரு மூடி. நீச்சல்குளங்களில் மிதக்கவிடும் காற்றுக்குமிழித் தாளோ நுரைப்பலகையோ இரவில் தொட்டிமேல் கிடந்தால் ஆவி எழ வழியில்லை. நீரும் காற்றும் வெவ்வேறு வெப்பநிலையில் சண்டையில்லாமல் இருக்கும். முழுதாக அடைத்துவிடவும் கூடாது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுபோய், எல்லா உயிர்களும் பிராணவாயுவை உண்ணும். கரியமிலவாயு நீரில் சேரும். ஓர் ஓரத்தில் இடைவெளியும் காற்றூதும் பம்பும் வேண்டும்.

பகலில் மூடியைத் திறந்துதான் ஆகவேண்டும். அப்போது எழும் ஆவியைக் கூரைக்குப் போகவிடாமல் வழியிலேயே பிடிப்பது இன்னொரு உத்தி. ஈரம் நீக்கும் கருவி ஒன்று, ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் இரண்டு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். அந்த இரண்டு லிட்டரும் துளியாகும்போது தங்கள் 1.36 யூனிட் மறைவெப்பத்தைக் குடிலுக்குள்ளேயே விட்டுவிடுகின்றன. கருவி தின்ற ஒரு யூனிட்டும் சூடாகிறது. ஒன்று கொடுத்து இரண்டே காலுக்கும் மேல் வாங்குகிறோம். சாதாரண மின் ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். காற்று மிகவும் குளிர்ந்திருந்தால் கருவியின் குழாய்களில் பனி படிந்து இந்த லாபம் கரைந்துவிடும் என்பதால், இது பகல் வெதுவெதுப்புக்கு ஏற்ற உத்தி. பிழிந்த நீர் செம்புக் குழாயைத் தொட்டு வந்திருக்கக்கூடும். செம்பு முதுகெலும்பில்லாக் கடல் உயிர்களுக்கு நஞ்சு. அதனால் அதைத் தொட்டியில் ஊற்றக்கூடாது.

எரிவாயுவின் பின்விளைவு

இத்தனை அடைப்புக்கும் பிறகு மிஞ்சும் இழப்பை ஈடுகட்ட ஏதாவது எரியத்தான் வேண்டும். குளிர்நாட்டில் மலிவான எரிபொருள் பெரும்பாலும் இயற்கை எரிவாயு. புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பைக் குடிலுக்குள்ளேயே வைத்தால் சூடு ஒரு துளியும் வெளியே போகாது என்பது கவர்ச்சியான யோசனைதான். ஆனால் ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோ கரியமிலவாயுவும் 2.25 கிலோ நீராவியும் பிறக்கும். ஈரம் ஏற்கெனவே நம் தலைவலி. கரியமிலவாயு அதைவிடப் பெரியது.

அது கடல்நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும். நீரின் பிஹெச் 8.2-லிருந்து இறங்கும், பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட வேண்டிய கார்பனேட் அயனிகள் குறையும். வெப்பநிலைமானி சரியாக 26 காட்டிக்கொண்டிருக்க, பவளம் வளராமல் நிற்கும்.

அடைத்த கண்ணாடிக்குள் கடலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே பெரிய சான்று அரிசோனா மாநிலத்தின் ‘பயோஸ்பியர் 2’. 1991 செப்டம்பர் முதல் இரண்டு ஆண்டுகள் எட்டுப் பேர் அதற்குள் அடைபட்டு வாழ்ந்தார்கள். காடு, வயல் ஆகியவற்றோடு சுமார் 26 லட்சம் லிட்டர் கொண்ட ஒரு கடலும், அதில் ஒரு பவளப்பாறையும் உள்ளே இருந்தன. குளிர்காலத்தில் பகல் குறுகிச் செடிகளின் ஒளிச்சேர்க்கை தளர்ந்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுவிடுவதை நிறுத்தவில்லை. கரியமிலவாயு பத்து லட்சத்தில் 4,000 பங்கு என்ற அளவை எட்டியது. அன்றைய வெளிக்காற்றில் இருந்ததைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். கடல் அமிலமாகிவிடாமல் இருக்கச் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளைக் கொட்டவேண்டியிருந்தது. பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகம் அதை நடத்தியபோது, கிறிஸ் லாங்டன் குழு அதே கடலைச் சோதனைக்கூடமாக்கி, நீரில் கார்பனேட் குறையக் குறையப் பவளங்கள் சுண்ணாம்பு கட்டுவது குறைகிறது என்று 2000-ல் காட்டியது. கடல் அமிலமாதல் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பகுதி, கண்ணாடிக்குள் அடைத்த அந்தக் கடல் கொடுத்த பாடம்.

ஆகவே எரிப்பது வெளியே, சூடு மட்டும் உள்ளே என்பதே விதி. பாய்லரில் காய்ந்த வெந்நீரைக் குழாய் வழியே கொண்டுவந்து தொட்டி நீருக்குள் சுற்றவிடலாம். எந்தக் குழாய்? செம்பு நஞ்சு. இரும்பும் சாதாரண எவர்சில்வரும் உப்புநீரில் அரித்துப்போகும். மிஞ்சுவது டைட்டானியம், இல்லையென்றால் பிளாஸ்டிக். டைட்டானியம் விலை உயர்ந்தது, நீடித்து உழைக்கும். பிளாஸ்டிக் சூட்டை மந்தமாகக் கடத்துவதால், மீட்டர் கணக்கில் கூடுதலாகச் சுருட்டி வைக்கவேண்டும்.

மூச்சுக் காற்றுக்கும் ஒரு வழி வேண்டும். வெளியேறும் ஈரக்காற்றும் உள்வரும் குளிர்காற்றும் மெல்லிய தடுப்புகளின் இருபுறமும் ஒன்றையொன்று தொடாமல் கடந்துபோகும் கருவிகள் உண்டு. போகிற காற்று தன் சூட்டின் பெரும்பகுதியை வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும்.

வெயில் அடிக்கும் குளிர்காலை

பாறை கட்டும் பவளங்கள் குளிர்காலத்தில் நீர் 18 டிகிரிக்குக் கீழே இறங்காத கடல்களில்தான் பொதுவாகப் பெரும் பாறைகளை எழுப்புகின்றன. குளிர் கடலிலும் கொல்லும். 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவில் வீசிய குளிரலையில் கரையோரத்தின் ஆழமற்ற நீர் 12 டிகிரிக்கும் கீழே போனது. அங்கே ஆய்வு செய்த பாறைகளில் சராசரியாக 11.5 விழுக்காடு பவளங்கள் மடிந்தன.

குடிலில் இன்னும் நுட்பமான ஓர் ஆபத்து உண்டு. இரவில் ஹீட்டர் தோற்று நீர் 19 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். மேகமில்லாத வானில் பளீரென்று காலை விடிகிறது. வெயில் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நிம்மதி வரும் அந்த நேரமே மோசமானது. நுண்பாசி ஒளியைப் பிடிக்கும் வேகம் குளிரில் குறைவதில்லை. பிடித்த ஆற்றலைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகளின் வேகமே குறைகிறது. செலவழிக்க வழியில்லாத ஆற்றல் பிராணவாயுவின் நச்சு வடிவங்களாக மாறித் திசுவைத் தாக்கும். கோடை வெப்பத்தில் பவளம் வெளுப்பதைப்போலவே குளிரிலும் வெளுக்கும். அத்தகைய காலையில் செய்யவேண்டியது நிழல்வலையை இழுத்துவிட்டு, நீரை மெதுவாகத் தேற்றுவது.

அதே வெயில் நண்பகலில் எதிர்த்திசையில் வேலைசெய்யும். வெளியே உறைபனி இருக்க, நன்றாக அடைத்த குடிலுக்குள் காற்று 35 டிகிரியைத் தாண்டக்கூடும். சூட்டைப் பிடித்துவைக்க எவ்வளவு கவனமோ, தேவைப்படும்போது திறந்துவிடவும் அவ்வளவு கவனம் வேண்டும்.

குளிர்காலத்திலும் கோடையின் அதே 26 டிகிரியைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையும் இல்லை. கடலிலும் பருவங்கள் உண்டு. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழு, கடலின் ஆண்டுப் பருவங்களை வெப்பநிலையிலும் பகல் நீளத்திலும் நிலவொளியிலும் அப்படியே தொட்டியில் உண்டாக்கித்தான் 2013-ல் பவளங்களைத் திட்டமிட்டு முட்டையிடவைத்தது. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நீரை 24 டிகிரிக்கு இறக்குவது எரிபொருளையும் மிச்சமாக்கும், பவளத்தின் நாட்காட்டிக்கும் ஒத்துப்போகும்.

மின்சாரம் நின்றால்

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியபோது 45 லட்சம் வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. குளிர் உச்சத்தில் இருக்கும்போதுதான் மின்கட்டமைப்பும் முறியும். அந்த நேரத்தில் கைகொடுப்பது நீரே. நம் 12,000 லிட்டர் ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 13.6 யூனிட் சூட்டைத் தரும். 26-லிருந்து 20-க்கு வருவதற்குள் ஏறக்குறைய 82 யூனிட். திறந்த தொட்டியிலிருந்து மணிக்கு 20 யூனிட் போனால் நான்கு மணி நேரத்தில் கையிருப்பு தீரும். தொட்டியின் சுவருக்கு நுரைப்பலகை, மேலே மூடி என்று இருந்தால் இழப்பு மணிக்கு மூன்று நான்கு யூனிட்டாகி, அதே கையிருப்பு ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். ஜெனரேட்டரைக் கொண்டுவர அது போதுமான நேரம். அதுவரை பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுபம்பு மூச்சைக் காக்கும்.

இன்னொரு விபத்தும் உண்டு: தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் அணையாமல் ஓடுவது. ஒரே பெரிய ஹீட்டர் இப்படி மாட்டிக்கொண்டால் விடிவதற்குள் தொட்டி வெந்துவிடும். சிறிய ஹீட்டர்கள் பலவற்றை வைத்து, அவற்றுக்கு மேல் தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவியையும் வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும்.

கூட்டிக் கழித்தால்

ஒற்றைத்தாள், மணிக்கு இருமுறை காற்று மாறும் இடுக்குகள், 22 டிகிரிக் காற்று என்று தொடங்கியிருந்தால் நம் குடிலுக்கு 43 கிலோவாட் ஹீட்டர் வேண்டும். இரட்டைத்தாள் போட்டு, இடுக்குகளை அடைத்துக் காற்றோட்டத்தை இரண்டு மணிக்கு ஒருமுறை என்றாக்கி, தொட்டியை மூடிக் காற்றை 16 டிகிரியில் விட்டு, இரவில் கூரைக்குக் கீழே வெப்பத்திரை ஒன்றை இழுத்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் பிடித்தால், தேவை 13 கிலோவாட்டுக்கு வந்துவிடும். பவளம் அதே பவளம், நீர் அதே 26 டிகிரி.

இந்தக் கணக்கு இப்போது பொழுதுபோக்குக்காரர்களின் மின்கட்டணத்தோடு நிற்பதில்லை. 2014-ல் மயாமி அருகே தொடங்கிய ஒரு திசு அழிவு நோய் ஃபுளோரிடாவின் பவளங்களைச் சூறையாடியதால், நோய் எட்டாத பவளங்களைக் கடலிலிருந்து எடுத்துப் பல மாநிலங்களின் விலங்குக்காட்சிச் சாலைகளிலும் மீன்காட்சியகங்களிலும் வைத்துக் காத்துவருகிறார்கள். அவற்றுள் சில, கடலிலிருந்து நெடுந்தொலைவில், கடும் பனி பெய்யும் ஊர்களில் இருக்கின்றன. 2023 ஜூலையில் ஃபுளோரிடாவின் ஆழமற்ற விரிகுடா ஒன்றில் நீர் 38 டிகிரியைத் தொட்டபோது, கடல் நாற்றங்கால்களில் இருந்த பவளங்களையும் அவசரமாகக் கரைத்தொட்டிகளுக்கு ஏற்றினார்கள். கடல் கொதிக்கும் காலத்தில் பவளத்துக்குப் புகலிடம் கரையில்தான் என்றால், அந்தப் புகலிடத்தைப் பல ஆண்டுகளுக்கு நடத்தும் செலவும் முக்கியமாகிறது. அதற்கென எரிக்கும் ஒவ்வொரு கிலோ எரிவாயுவும் கடலைச் சூடாக்கும் அதே கரியமிலவாயுவைத்தான் காற்றில் சேர்க்கிறது. மூடியும் அடைத்த இடுக்கும் அந்தக் கடனைப் பெருகவிடாமல் வைத்திருக்கும் மலிவான வழிகள்.